முப்பத்திரண்டு நொடி ஓட்டை

என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். உட்காருங்கள், வாயைக் கொப்பளியுங்கள், அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் ஊரறிந்த வேலை. ஊரறியாத வேலை ஒன்றும் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு அவள் பராமரிப்பாளர்களில் ஒருத்தி. பேசுகிற மொழி இல்லை, இயந்திரங்களுக்கு வேலை சொல்கிற மொழி. இதை நான் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் பார்த்து, கடைசியில் "கம்ப்யூட்டருக்கு ஏதோ பண்றா" என்று முடித்துக்கொள்வேன்.

அந்த மொழிக்கு வருடம் ஒரு புதுப் பதிப்பு வரும். துடிப்பானவர்கள் எல்லாரும் அதில் போய் விழுவார்கள். பழைய பதிப்புகளுக்கு மூன்று வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுப்பார்கள். பிறகு ஒரு தேதி குறித்து "ஆதரவு முடிந்தது" என்று கைகழுவிவிடுவார்கள். இருப்பதிலேயே ஆகப் பழைய பதிப்பு, மூச்சு மட்டும் மிச்சமிருப்பது, என் மனைவியின் பொறுப்பு. அதில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. ஓட்டை இருந்தால் ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும். பக்கத்தில் சுவரே சாய்ந்து நின்றாலும் கை வைக்கக் கூடாது.

இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பட்டன் அறுந்து காலரும் கிழிந்த சட்டை ஒன்றை ஒருநாள் அவளிடம் கொடுத்தேன். பட்டனைத் தைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"காலர்?" என்றேன்.

"நீங்க சொன்னது பட்டன். காலர் வேற புகார், தனியா சொல்லுங்க."

வீட்டு நாற்காலி ஒன்றுக்கு "மார்ச்சோட ஆதரவு முடியுது" என்று முதுகில் சீட்டு ஒட்டினாள். நான் காதில் வாங்கவில்லை. ஏப்ரலில் உட்கார்ந்தேன், கால் உடைந்தது, நாற்காலியின் கால். தரையில் கிடந்தவனைப் பார்த்து, "அறிவிப்புக் கொடுத்தேனே" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். என் பக்கத்துச் சொந்தம் அவளுக்கு வைத்த பெயர் ஒட்டுக்காரி. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

இப்போது என் அப்பா. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து வருடம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போட்டவர். எழுபத்தெட்டு வயதில் கால் நன்றாக இருந்தது, நினைவு மட்டும் அங்கங்கே பொத்தலாகியிருந்தது. கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். என்னை என் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் தினமும் காலை பத்து மணிக்குத் தனியாக நடக்கப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பி வருவார். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு நாள் என்பது. மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என் அக்கா உலை வைக்கப் பார்த்தாள். அக்கா கெட்டவள் இல்லை, பயந்தவள். அப்பா எங்காவது தொலைந்துபோவார் என்று வாரம் மூன்று கனவு காண்பாள். தன் வீட்டில் அவருக்கென்று ஓர் அறையைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். புது மெத்தை, டிவி, வெளியே இருந்து பூட்டும் கிரில் கதவு. அக்கா ஒரு விதியும் போட்டிருந்தாள்.

"உங்க கட்டடத்து வாசக் கதவுக்கு நாலு இலக்க எண் இருக்குல்ல? அத அப்பா தானா போட்டு உள்ள வர்ற வரைக்கும் உங்க கூட இருக்கட்டும். என்னைக்கு முடியலயோ, அன்னைக்கே என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நடையும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு வந்து வாசலில் நிற்பாள். அப்பா நடந்து வருவார், பொத்தான் பலகையை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பார், சற்று நேரம் ஆகும், கதவு திறக்கும். அக்கா அவர் பின்னாலேயே உள்ளே வருவாள். "மெதுவா போடுறார். ஆனா சரியா போடுறார்" என்று என்னிடம் சொல்வாள், நிம்மதியும் ஏமாற்றமும் கலந்த குரலில்.

ஒரு மாதம் இருபதாம் தேதி பல் டாக்டருக்கே பல்வலி வந்து மருத்துவமனையைப் பாதியில் மூடினார்கள். என் மனைவி பதினொரு மணிக்கு வீடு திரும்பினாள். வாசலில் அப்பா. வலது கட்டைவிரலை ஐந்தாம் எண்ணில் வைத்து அழுத்தியபடி, மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கவே இல்லை. அரை நிமிடம் போயிருக்கும், கதவு க்ளிக்கென்று திறந்தது. "நல்லா இருப்பே" என்று கதவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு தானும் ஐந்தை அழுத்திக்கொண்டு நின்றாள். திறந்தது. மூன்றை அழுத்தினாள். திறந்தது. பதினோரு தடவை திறந்து பதினோரு தடவை மூடினாள். கட்டடக் காவல்காரர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா?" என்று கேட்டதும்தான் மேலே வந்தாள். எல்லாத் தடவையும் முப்பத்திரண்டு நொடி.

வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் கதவுக்குள் இருப்பது அவளுடைய பதிப்பேதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் ஓட்டை அகப்பட்டது. நாம் போடுகிற எண்ணும் நிஜமான எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுகிற இடம். எத்தனை இலக்கம் என்பதை முதலில் ஒரு சின்னக் கட்டத்தில் குறித்துக்கொள்ளும். இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கட்டத்தில் இடம். அதற்கு மேல் ஒன்று வந்தால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நொடிக்கு எட்டு இலக்கம் விழும், முப்பத்திரண்டாவது நொடியில் கட்டம் பூஜ்ஜியம். ஒப்பிட எதுவும் இல்லை, எதுவும் இல்லாத இடத்தில் வித்தியாசம் ஏது, ஆகவே "சரி" என்று கதவைத் திறந்துவிடும். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதியது. புதிய பதிப்புகளில் அந்த இடத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள். இவளுடையதில் மட்டும் அப்படியே இருந்தது. இதே பதிப்பில் ஓடும் வாசல்கள் எத்தனை, மருந்து அலமாரிகள் எத்தனை, ஆஸ்பத்திரிக் கோப்புகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

அடுத்த நிமிடம் இன்னொன்று உறைத்தது. அப்பாவுக்கு எண் தெரியாது. எத்தனை காலமாகவோ தெரியாது. இந்த ஓட்டைதான் அவரை நம் வீட்டில் வைத்திருக்கிறது. அதை அடைத்தால் அடுத்த ஞாயிறே அக்காவின் கிரில் கதவு.

அடைக்காமலிருக்க வழியும் இருந்தது, அதுதான் கொடுமை. அவளுடைய பதிப்புக்கு அந்த மாதம் முப்பத்தொன்றோடு ஆதரவு முடிகிறது. பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அதன் பிறகு ஓட்டை வழியாக ஊரே புகுந்தாலும் அவள் பொறுப்பில்லை, விதிப்படியே இல்லை. நாற்காலிக்குச் சீட்டு ஒட்டியவளுக்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா?

என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓட்டையை அடைத்து அறிவிக்கும் வரை வெளியாள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது பராமரிப்பாளர் கூட்டத்தின் கட்டுப்பாடு. கட்டிய கணவன் வெளியாள்! எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வாரம் அவள் உப்பில்லாமல் சமைத்தாள், நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

இரண்டு நாள் தவித்துவிட்டு, கூட்டத்தின் தலைவருக்குச் சொன்னாள். எங்கோ ஒரு நாட்டில், திரையில் மட்டும் தெரியும் தாடிக்காரர். அவருக்கு ஒரே உற்சாகம். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். தனி ஆராய்ச்சியாளர் என்றாள். என்ன கருவி பயன்படுத்தினார்? கட்டைவிரல். தாடிக்காரர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு, கண்டுபிடித்தவரின் சம்மதம் வேண்டும், எப்போது கண்டுபிடித்தார், யாரிடமாவது புகார் செய்தாரா என்று தேதிவாரியாக வேண்டும், அறிவிப்பில் நன்றி சொல்ல வேண்டும், இதெல்லாம் மரபு என்றார். ஆக, கூட்டத்துக்கு வெளியே அவள் இதைப் பேச அனுமதியுள்ள ஒரே ஆள் என் அப்பா. அவரிடம்தான் அவளால் வாயே திறக்க முடியவில்லை.

நான் நடத்தும் கடைக்கு நான் கிளம்பிப் போனபின் ஒருநாள் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமா, கீழ கதவு..."

அப்பா பேப்பரை இறக்கினார்.

"அஞ்ச அழுத்திட்டே இருந்தா தெறக்குதுல்ல. அத நான் பாத்துட்டேன்."

அசடு வழிவார், மறுப்பார், அல்லது அழுதுவிடுவார் என்று இவள் பயந்திருக்கிறாள். அப்பாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இப்பத்தான் பாத்தியா? ஒம்போது தடவ எழுதிப் போட்டிருக்கேன்! ஒரு பய எட்டிப் பாக்கல!"

"எங்க மாமா எழுதிப் போட்டீங்க?"

"புகார்ப் பெட்டியில. வேற எங்க போடுவாங்க?"

கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டடச் சங்கத்தின் புகார்ப் பெட்டி ஒன்று தொங்கும். அதன் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும். சங்கச் செயலாளர் நான்தான். சண்டை போட்டு வாங்கிய பதவி. இரண்டு வருடமாக அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை, திறந்தால் புகார் இருக்கும் என்பதால். அன்று மாலை மனைவி சாவி கேட்டாள். எதற்கு என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றாள், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன்.

உள்ளே ஒரு செத்த பல்லியும் ஒன்பது சீட்டுகளும் இருந்தன. ஒன்பதும் அப்பாவின் கையெழுத்து, ஒன்பதிலும் ஆய்வு அறிக்கைத் தோரணை. ஆய்ந்த பொருள், வாசல் கதவு. குறை, எந்தப் பொத்தானையும் முப்பத்திரண்டு நொடி அழுத்தினால் திறக்கிறது. இருபத்தைந்து முறை அளந்து சரிபார்க்கப்பட்டது. முதல் சீட்டுக்குப் பதினான்கு மாத வயது. கடைசிச் சீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "இக்குறையால் தினசரி பயனடைபவன் நானே. ஆயினும் உடனே சரிசெய்யவும்."

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாளாம். மேலே வந்து அவரிடம் கேட்டாள்.

"மாமா, நாலு எண்ண மறந்துட்டீங்க. முப்பத்திரண்டு நொடிய மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"இது நானா கண்டுபிடிச்சது. அது அவங்க குடுத்தது."

"சரி பண்ணிட்டா உங்களால உள்ள வர முடியாது. அண்ணி உங்கள கூட்டிட்டுப் போயிடுவாங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் நான் சும்மா இருந்தா, விதிப்படி யாரும் கேக்க முடியாது."

"எடக்கல்லு குறைஞ்சிருந்தா, கடைக்காரர் நல்லவர், பாவம், பிள்ளகுட்டிக்காரர்னு முத்திர போட்டுருவேனா? ஒன் பையில இருக்குற கல்லு குறையுதும்மா. அத நீதான் மாத்தணும்." பிறகு மெல்லிய குரலில், "எனக்கு அந்த ரூமு வேண்டாம்தான்" என்றார்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சோதனை சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்து இல்லாத ஆய்வு செல்லாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி, மகள் வந்து நிற்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பைத்தியமும் பாதுகாப்பு அப்டேட் வெளியிடாது என்று தாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கண்டுபிடித்தவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றாள் இவள். நன்றி வரியில் பெயர் போட வேண்டாம், "ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர்" என்று பதவியைப் போட்டால் போதும் என்று அப்பா சொன்னதையும் சேர்த்து அனுப்பினாள்.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு. கடைக்கு விடுமுறை, எல்லாரும் கீழே வாருங்கள் என்று மனைவி சொன்னாள், வந்தேன். அவள் வாசல் படியில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அக்கா வந்தாள். மகளையும் மகனையும் பார்த்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, முழு விவரத்தையும் அதிகாரி தோரணையில் வாசித்தார். ஓட்டை எது, எத்தனை நொடி, இன்று எப்படி அடைபடப் போகிறது. தனக்கு எண் தெரியாது என்பதை மட்டும் வாசிக்கவில்லை. கேட்கக் கேட்க நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பதினொன்றுக்கு அவள் ஒரு விசையைத் தட்டினாள். உலகம் முழுக்கப் போய்விட்டது என்றாள். கதவு செய்த கம்பெனி தானாக எடுத்துக்கொள்ளும் என்றாள். கால் மணி நேரத்தில் பொத்தான் பலகையின் விளக்கு ஆரஞ்சாகி, அணைந்து, பச்சையாக எரிந்தது.

அப்பா ஐந்தை அழுத்தினார். முப்பத்திரண்டு நொடி. நாற்பது. ஒரு நிமிடம். கதவு அசையவில்லை. மூன்று, ஏழு, எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"முத்திர போடலாம்" என்றார்.

"ரொம்ப நல்லது. இப்ப எண்ணப் போடுங்கப்பா, உள்ள போவோம்" என்றாள் அக்கா.

அப்பா திரும்பினார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, கண் மட்டும் மாறிவிட்டது. "தெரியாதும்மா. ஒரு வருஷத்துக்கு மேல தெரியாது."

அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி ஆனது. அழுகையை அடக்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல? இன்னைக்கே துணிமணிய எடுத்து வைங்க" என்றாள். பிறகு என்னிடம், "தம்பி, கதவத் தெற."

நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். ஐந்தில் கட்டைவிரலை வைத்தேன். பழக்கதோஷம். எடுத்தேன். வேறு எதையும் வைக்கத் தெரியவில்லை. பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் அப்பா அழுத்துவதை மாடியிலிருந்து பார்த்தவன்தான் நான். அன்றிலிருந்து அதுதான். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கட்டடம் முழுக்க அறிவித்த செயலாளரும் நான்தான்.

"என்னடா முழிக்கிற?"

"எனக்கும் மறந்துடுச்சு" என்று மென்று விழுங்கினேன்.

அந்த நேரம் முதல் மாடி டீச்சர் காய்கறிப் பையோடு வந்தார். எங்களைப் பார்த்துத் தயங்கி, பலகையை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் ஆனது. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. அடுத்து வந்தவர் மூன்றாம் மாடி வக்கீல். அவரும் அப்படித்தான் மறைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு மணிக்குள் பதினாறு பேர் வெயிலில் சேர்ந்துவிட்டோம். அத்தனை பேரும் கையும் களவுமாக அகப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் ரகசியம் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். காவல்காரர், தான் எப்போதும் பின்பக்கச் சந்து வழியாக வருவதாகவும், அதைப் போன வாரம்தான் செங்கல் வைத்து அடைத்ததாகவும் சொன்னார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மருந்துச் சீட்டு எண், போன் எண், எதையும் மறக்காதவள். குனிந்து அவள் காதில், "உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"ஓட்டைய அடைக்கிறதுதான் இன்னைக்கு வேல. கதவு வேற புகார்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

அப்பா தன் சட்டைப் பையிலிருந்து ஆய்வு அறிக்கையை எடுத்தார். ஒவ்வொருவராக அழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். டீச்சர் போட்டார், வக்கீல் படிக்காமலே போட்டார். அத்தனை பேரும் அந்த ஓட்டை வழியாக வந்து போனவர்கள். எழுதிப் போட்டவர் அவர் ஒருவர். என் முறை வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா வாய்க்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அக்கா முன்னால் போய்க் காகிதத்தை நீட்டினார். அக்கா அதையும், வெயிலில் வரிசையாக நிற்கும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயாவது போடேம்மா, எண்ண" என்றார் அப்பா. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். ஒரு வருடமாக ஞாயிறுதோறும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உள்ளே வந்தவளுக்கு எப்படித் தெரியும்? பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு நடக்கப் போறப்ப தொப்பி போட்டுட்டுப் போங்கப்பா. என்ன வெயிலு இது."

என் மனைவி லேப்டாப்பை மூடினாள். எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பலகையில் நான்கு எண்களை அழுத்தினாள்.